மகளின் மெழுகுக் கை

பெண் பார்ப்பதை மெழுகுப் பொம்மை மியூசியத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது மாப்பிள்ளையின் அக்கா. பழனி மலை அடிவாரத்தில் பாதிப் பேர் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள். கோயிலில் வைத்துப் பார்த்துவிட்டு அமையாமல் போனால், கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி மாளாது. கொடைக்கானல் என்றால் சுற்றிப் பார்க்கப் போனோம் என்று சொல்லிக்கொள்ளலாம். தரகர் எங்கள் ஊர் பள்ளங்கிக்கு வந்து இதைச் சொன்னபோது சரி என்று தலையாட்டினேன். எதற்கும் தலையாட்டுவது என் பழக்கம். பேசுவதுதான் வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்ததில் எழுத்து மட்டும் என்னோடு தங்கியது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் இதை எழுத முடிகிறது.

நான் பிறந்தது இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். அந்தத் தோட்டங்களில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் அறைகளைத்தான் லயம் என்போம். கொழுந்து பறிக்கிற வயதில், குடியுரிமை இல்லையென்று எங்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். அம்மா, அப்பா, அண்ணன், நான் வந்தோம். அக்காவின் புருஷனுக்கு அங்கேயே குடியுரிமை கிடைத்ததால் அக்கா தங்கிவிட்டாள். சண்டை தொடங்கிய பிறகு அவளிடமிருந்து கடிதம் வருவது நின்றுபோனது. நாங்கள் மண்டபம் முகாமில் கிடந்து, அங்கிருந்து இந்த மலைக்கு வந்து, பூண்டு தோண்டி, கேரட் கழுவிப் பிழைத்தோம். எனக்குக் கல்யாணம் ஆனது, ஒரே மகள் பிறந்தது, அவளுடைய அப்பா இறந்துபோனது எல்லாம் இங்கேதான்.

அவளுக்கு இரண்டு இடம் கூடி வந்து கலைந்தது. ஆட்களெல்லாம் நம்ம ஆட்கள்தான், குலத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிலோன்காரர்கள் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். வேர் எங்கே இருக்கிறதென்றே தெரியாத குடும்பம் என்று ஒரு வீட்டார் சொல்லியனுப்பினார்கள். அதனால் மூன்றாவது இடம் வந்தபோது என் அண்ணன் தரகரிடம் எங்களுக்குத் திண்டுக்கல் பக்கம் என்றே சொல்லி வைத்துவிட்டார். எங்கள் தாத்தாவின் அப்பா திண்டுக்கல் பக்கமிருந்துதான் கப்பலேறினாராம். ஆகையால் அது பொய்யில்லை என்பது அண்ணனின் கணக்கு.

"நீ எப்பவும் போல வாயத் தெறக்காம இரு தங்கச்சி, அது போதும்" என்றார். "தேத்தண்ணின்னு மட்டும் சொல்லிராத. டீன்னு சொல்லு. லயம், கங்காணி, தொர, ஒண்ணும் வாயில வரக்கூடாது. எந்த ஊருன்னு கேட்டா திண்டுக்கல் பக்கம். அதுக்கு மேல கேட்டா என்னையக் காட்டு. நான் பாத்துக்கிருவேன்."

மகளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை. அவள் கொடைக்கானல் டவுனில் சின்னப் பிள்ளைகள் பள்ளியில் வேலை பார்த்தாள். முன்பு வந்த மாப்பிள்ளை போட்டோக்களைப் பார்க்காமலே திருப்பித் தந்தவள், இந்த முறை தரகர் திருப்பிக் கேட்டதற்கு "எங்கயோ வச்சேன், தேடணும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சாப்பாட்டுப் பையைத் துவைக்க எடுத்தபோது, உள்பக்கத்துச் சின்ன உறையில் அந்தப் போட்டோ இருந்தது. நனையாமல் எடுத்து வைத்துவிட்டு, பை காய்ந்த பிறகு அதே இடத்தில் திரும்ப வைத்தேன். இந்தத் தடவை கலையக் கூடாது என்று அன்றைக்கு மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

குறித்த நாளன்று வெள்ளனே பக்கத்து வீட்டுப் போனில் அண்ணன் கூப்பிட்டார். அவர் காய்கறி லாரி ஓட்டுகிறவர். ஒட்டன்சத்திரம் சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில் மலைப்பாதையில் மரம் விழுந்து கிடக்கிறதாம்.

"வண்டி ஒண்ணும் நகரல. நீங்க போங்க, நான் எப்படியும் வந்துருவேன்."

"நீங்க இல்லாம எப்படிண்ணே" என்றேன்.

"பொம்மைய வேடிக்கை பாத்துக்கிட்டு நில்லு. பொம்மை கூட உன்னைய விட அதிகமாப் பேசும்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

மகள் ஊதாப் புடவை கட்டியிருந்தாள். நான் என்னிடமிருந்த நல்ல புடவையைக் கட்டி, குளிருக்குச் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டேன். பஸ் ஏறி டவுனுக்குப் போனோம். இறங்கும்போது அவள் என் சால்வையைச் சரிசெய்து, "பயப்படாதம்மா. அவங்களும் மனுசங்கதான்" என்றாள்.

அவர்கள் வேனில் வந்து வாசலில் நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, அக்கா. அப்பா அடிவாரத்தில் விபூதி, சூடம், சாமி படம், பாசிமணி எல்லாம் விற்கிற கடை வைத்திருக்கிறவர். அம்மா நல்ல உயரம். என்னைப் பார்த்ததும் வந்து கையைப் பிடித்து, "வாங்க மதினி, கை இப்படிச் சில்லுன்னு இருக்கே" என்றார். எடுத்த எடுப்பில் மதினி என்றார். அது போதும், பாதி முடிந்த மாதிரி என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அண்ணன் வந்துகொண்டிருக்கிறார் என்று மகள் சொன்னாள். அதுவரைக்கும் சும்மா நிற்பானேன், உள்ளே போவோம் என்று அக்காக்காரி டிக்கெட் எடுத்துவிட்டாள்.

உள்ளே திரை போட்டு இருட்டாக வைத்து, பொம்மை மேல் மட்டும் விளக்கடித்திருந்தார்கள். மெழுகு வாசமும் ஊதுபத்தி வாசமும் கலந்து வந்தது. முதல் அறையில் தலைவர்கள். கைகூப்பி நிற்கிறவர், நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவர் எல்லாம் இருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஒவ்வொரு பொம்மையின் துணியையும் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"இவருக்கு வேட்டி அழுக்காக் கெடக்கே. தொவைக்க மாட்டீங்களாப்பா?" என்று அங்கே நின்ற ஆளைக் கேட்டார். "முழுக்க மெழுகுதானா? நம்ம ஊரு வெயிலுக்கு இது நிக்குமா?"

"இங்க குளிருங்க, அதனால நிக்கிது. கீழ கொண்டுபோனா ஒரு சித்திரை தாங்காது" என்றான் அந்த ஆள்.

ஒரு தலைவரின் மேசையில் டெலிபோன் இருந்தது. எடுத்துக் காதில் வைத்தால் அவர் குரல் கேட்கும் என்று எழுதிப் போட்டிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா எடுத்தார். அந்தப் பக்கம் வணக்கம் என்று சொல்லியிருக்க வேண்டும். இவரும் குனிந்து, "வணக்கம்யா, பழனியிலருந்து பேசுறேன்" என்றார். எல்லாரும் சிரித்தோம். மாப்பிள்ளை சிரித்தபோது என் மகளைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நான் அதைப் பார்க்காதது போல் இருந்தேன்.

அடுத்த அறையில் சினிமாக்காரர்கள். ஒரு நடிகர் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். கொடைக்கானலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். அங்கே படம் எடுக்கிறவர் எங்கள் பிள்ளைகளையும் அப்படி நினைத்துவிட்டார்.

"மாப்ள, ஏன் தள்ளி நிக்கிறீங்க? சண்டையா? தோள்ல கையப் போடுங்க. பொண்ணு, சிரிங்க."

மாப்பிள்ளை கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார். அவருடைய அம்மா, "இன்னும் பேச்சு முடியலப்பா. நீ பாட்டுக்குக் கல்யாணத்தை நடத்திராத" என்றார். படக்காரர், "முடிஞ்சிரும்மா, இங்க வந்து எதுவும் முடியாமப் போனதில்ல" என்றார். மகளுடைய காது சிவந்திருந்தது. நான் அந்த நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன். அண்ணன் வராமல் போனால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

அதற்கடுத்து மெழுகில் கை எடுக்கிற இடம். சூடான மெழுகுத் தொட்டியில் கையை முக்கி, பச்சைத் தண்ணீரில் முக்கி, திரும்பத் திரும்ப அப்படிச் செய்தால் கை மேல் மெழுகு உறைபோல் ஏறுகிறது. பிறகு மெதுவாக உருவி எடுத்தால் அந்தக் கையே தனியாக வந்துவிடும். சாயம் முக்கி, காயவைத்து, வெளியே போகிற இடத்தில் தருவார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் இரண்டு கையையும் கோத்து முக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம அப்படிச் செய்ய முடியாது" என்று அக்காக்காரி சிரித்தாள். "பொண்ணு கையை மட்டும் எடுப்போம். நான் வீட்டுக்குக் கொண்டுபோயி ஷோகேஸ்ல வைக்கப்போறேன். என்னம்மா, குடுப்பியா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் வளையலைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டுக் கையை முக்கினாள். பெண்ணின் கையையே கேட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்கள் வேண்டாமென்றா சொல்லப் போகிறார்கள் என்று, வளையலை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தேன்.

வழி ஒடுங்கி, ஒரு சந்து மாதிரி திரும்பியது. இந்த மலைக்கு முதலில் வந்த வெள்ளைக்காரர்களைக் காட்டுகிற இடம் என்று மகள் பலகையைப் படித்துச் சொன்னாள். நான்தான் முன்னால் போனேன். பின்னால் நின்றால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள் என்று முன்னால் நடந்தேன். திருப்பத்தில் கால் வைத்ததும் விளக்கு எரிந்தது. காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரைக்கும் காலுறை, தொப்பி, கையில் பிரம்பு, பக்கத்தில் நாய். அந்த இடத்தை மிதித்தால் வேலை செய்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். பிரம்பு பிடித்த கை மேலே வந்தது. கனத்த குரலில் குட்மார்னிங் என்றது.

அது பொம்மை என்று எனக்குத் தெரியும். அத்தனை பொம்மையையும் பார்த்துவிட்டுத்தானே வந்தேன். இருந்தாலும் கால் தானாகச் செருப்பைக் கழற்றியது. கை தலைச் சால்வையை இழுத்துத் தோளில் போட்டது. சுவரோரமாக ஒதுங்கி, தலையைக் குனிந்துகொண்டேன். "சலாங்க தொர" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

தோட்டத்தில் துரை வருகிற பாதையில் அப்படித்தான் நிற்க வேண்டும். செருப்போடு நிற்கக் கூடாது, தலையை மூடியிருக்கக் கூடாது, வழியை விட்டு இடது பக்கம், தண்ணீர் ஓடுகிற கானோரமாக இறங்கி நிற்க வேண்டும். பேசக் கற்றுத் தரும்போதே எங்களுக்கு இதையும் கற்றுத் தந்தார்கள். இந்த மலைக்கு வந்த பிறகு எந்தத் துரையையும் நான் பார்க்கவில்லை. பழக்கம் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அண்ணன் என் வாயைத்தான் கட்டி வைத்தார். காலுக்கு யாரும் சொல்லவில்லை.

அக்காக்காரி முதலில் சிரித்தாள். நான் விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்திருப்பாள். நான் நிமிராமல் நிற்பதைப் பார்த்து அவள் சிரிப்பும் நின்றுவிட்டது. பொம்மையின் கை கரகரவென்று இறங்கியது.

மாப்பிள்ளையின் அம்மா கேட்டார், "இது எந்த ஊரு வழக்கம்?"

திண்டுக்கல் பக்கம் என்று சொல்ல வேண்டும் என்று ஞாபகம் இருந்தது. செருப்பில்லாத காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணனைக் காட்டலாமென்றால் அண்ணனும் இல்லை. அப்போது மகள் குனிந்து, என் செருப்பை எடுத்து, என் காலடியில் வைத்தாள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் குனிந்து வைத்தாள்.

"போட்டுக்கம்மா" என்றாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "அம்மா சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல வளந்தவங்க. அங்க இப்படித்தான் நிக்கணுமாம்" என்றாள்.

சண்டை பிடிக்கிற மாதிரி சொல்லவில்லை, கெஞ்சவும் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். மாப்பிள்ளை இரண்டு அடி முன்னால் வந்து பொம்மையை மறைத்துக்கொண்டு நின்றார். விளக்கு மறுபடி எரிந்து, அவர் முதுகுக்குப் பின்னால் பொம்மை குட்மார்னிங் என்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் செருப்பைப் போட்டு முடிக்கிற வரைக்கும் அப்படியே நின்றார். இதை அப்போது நான் கவனிக்கவில்லை. பின்னால் மகள் சொல்லித்தான் தெரியும்.

வெளியே போகிற இடத்தில் கண்ணாடி மேசை மேல் மகளின் கை தயாராக இருந்தது. ரோஸ் நிறச் சாயம், நகம் முதல் ரேகை வரை அச்சாக அவள் கைதான். மேசைக்காரர் அட்டைப்பெட்டியில் வைத்து நீட்டினார். அக்காக்காரி கையை நீட்டப் போனாள். அவளுடைய அம்மா அவளைப் பார்த்தார். அவள் நீட்டப் போன கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"அப்பா சொன்ன மாதிரி கீழ வெயில்ல உருகிரும்" என்றாள். "இங்கயே குளிர்ல இருக்கட்டும். நீங்க கொண்டுபோங்க."

மாப்பிள்ளையின் அப்பாவும், "ஆமா, உருகத்தான் செய்யும்" என்றார். உருகும் என்பது உண்மைதான். அவர் காலையிலேயே கேட்ட சங்கதி. பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன்.

எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளையின் அம்மா மரியாதையாகத்தான் இருந்தார். "டீ சூடா இருக்கா?" என்றார், "பன்னு எடுத்துக்கங்க" என்றார். மதினி என்பது மட்டும் வரவில்லை. ஒவ்வொரு தடவை அவர் வாயைத் திறக்கும்போதும் அது வருமா என்று காத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்து சேர்ந்தார். ஓடி வந்த மூச்சோடு, கும்பிட்டபடியே ஆரம்பித்துவிட்டார்.

"மன்னிக்கணும், மரம் விழுந்துருச்சு. எங்க தங்கச்சி ஒண்ணும் பேசியிருக்காதே. எங்க வம்சமே அப்படித்தான், பொம்பளைக அதிர்ந்து பேச மாட்டாங்க. நமக்குப் பூர்வீகம் திண்டுக்கல் பக்கம். எங்க பாட்டனாருக்கு வத்தலக்குண்டுல தென்னந்தோப்பு இருந்துச்சு. கெணத்துல எறங்குனா யானை முழுகும்."

நான் சால்வைக்குள்ளிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் கையைத் தட்டிவிட்டு, தோப்பிலிருந்து மாட்டுவண்டிக்குப் போனார். மகள், "மாமா, டீ ஆறுது" என்றாள். "குடிக்கலாம்த்தா, இரு. வண்டிமாடு மட்டும் எத்தனைங்கிறீங்க?" மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனிதர். "அப்படிங்களா, அப்படிங்களா" என்று கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டார். மாப்பிள்ளை டீ கிளாஸைச் சுழற்றிக்கொண்டே குனிந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து, "எறங்க நேரமாயிரும். கலந்து பேசிட்டுத் தகவல் சொல்றோம்" என்றார்.

வேன் போன பிறகுதான் அண்ணனுக்கு விஷயம் தெரிந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பொம்மைக்குமா சலாம் போடுவ?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எந்தப் பக்கம் ஒதுங்கி நின்ன?" என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். "ம்" என்றார். அதற்குப் பிறகு திட்டவில்லை.

பஸ்ஸில் அட்டைப்பெட்டியை மடியில் வைத்திருந்தேன். வளைவுகளில் அது சரியாமல் மகள் ஒரு விரலால் பிடித்துக்கொண்டே வந்தாள்.

தகவல் வரவில்லை. கேரட் அறுப்பு முடிந்து, கழுவி, மூட்டை கட்டி அனுப்பினோம். பூண்டு விதைத்தோம். தரகரைப் பாதையில் பார்த்தால், எனக்கு ஏதோ சோலி இருப்பதுபோல் அவசரமாக வேறு பக்கம் போவேன். மகள் வேலைக்குப் போய் வந்தாள். கோபமாக ஒரு சொல் சொன்னாலாவது எனக்கு ஆறியிருக்கும். மெழுகுக் கையை அடுப்புச் சூடு படாமல் தகரப்பெட்டிக்குள், நாங்கள் கப்பலில் கொண்டுவந்த பெட்டிதான், துணி சுற்றி வைத்தேன். அவளுடைய சாப்பாட்டுப் பையை அதன் பிறகு அவளே துவைத்துக்கொண்டாள். போட்டோ இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

மழை விட்ட ஒரு நாளில் மாப்பிள்ளை தனியாக வந்தார். பஸ் நிறுத்தத்தில் விசாரித்துக்கொண்டு, பேண்ட் முழுவதும் சேறாக, வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லக்கூட எனக்கு வரவில்லை. மகள்தான் பாயை விரித்தாள்.

"வீட்டுல ஒத்துக்கிட்டாங்க" என்றார், பாயைப் பார்த்துக்கொண்டே. "அம்மா அந்தக் கையை வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

மகளுடைய முகத்தில் என்ன வந்ததென்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் மீதியையும் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணுதான் அத்தை. எங்களுக்கு ஒண்ணும் இல்ல. அக்கா மாமியார் வீட்டுல கொஞ்சம் ஒரு மாதிரி. அதனால வெளிய யாரு கேட்டாலும் மாமா சொன்னபடியே, திண்டுக்கல் பக்கம்னே இருக்கட்டும்னு அம்மா சொல்றாங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். அம்மாவே சொல்லிக்கிருவாங்க."

மகள் என்னைப் பார்த்தாள். "அம்மாகிட்ட கேளுங்க" என்றாள் அவரிடம். "அவங்க வேண்டாம்னா வேண்டாம்."

என்னிடம் யாரும் அதுவரை எதையும் அப்படிக் கேட்டதில்லை. மாப்பிள்ளை தலையை நிமிர்த்தி, "நீங்க என்ன சொல்றீங்க அத்தை?" என்றார். அவளுக்கு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சொல்லாமல் அவள் நிற்கிற நிற்பிலேயே தெரிந்தது. வேண்டாமென்று சொல்ல எனக்கு வழி இல்லை. சரி என்று சொல்லவும் மனசில்லை. எழுந்து அடுப்புப் பக்கம் போனேன்.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் மகளை ஒரு தடவை பார்த்தார். "குடுங்க அத்தை" என்றார்.

அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். மகள் தகரப்பெட்டியைத் திறந்து, துணியோடு அந்தக் கையை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

கல்யாணம் பழனியில் நடந்தது. சம்பந்தியம்மா என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மறுபடி மதினி ஆகிவிட்டேன். யாராவது என்னைப் பார்த்து "உங்களுக்கு எந்த ஊரும்மா?" என்றால், நான் வாயைத் திறக்கும் முன்பே, "திண்டுக்கல் பக்கம். எங்க மதினி பேச மாட்டாங்க, ரொம்பக் கூச்சம்" என்று அவர் சொல்லிவிடுவார். எனக்குச் சங்கடம் வரக் கூடாது என்றுதான் செய்தார். தட்டில் எனக்குப் பிடித்ததாகப் பார்த்து எடுத்து வைத்தார். அவரிடம் நான் என்ன குறை சொல்ல முடியும்.

மெழுகுக் கையைக் கடையில், பணப்பெட்டிக்கு மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். முதல் சித்திரையிலேயே சுண்டுவிரல் வளையத் தொடங்கியது.

சில வருஷம் கழித்து, இலங்கையில் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம். பங்குனி உத்திரக் கூட்டத்துக்குக் கடையில் ஒத்தாசைக்குப் போயிருந்தேன். அக்காக்காரியின் மாமியார் வீட்டாரும் வந்து உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் படியேறி வந்தாள். என் வயதுதான் இருக்கும். கையில் காலியான தண்ணீர்ப் பாட்டில்.

"அக்கா, இந்தப் போத்தல்ல கொஞ்சம் தண்ணி ஊத்தித் தர ஏலுமா?" என்றாள்.

அந்தப் பேச்சைக் காதால் கேட்டு எவ்வளவு காலம். பாட்டிலை வாங்கினேன்.

"நாங்க நுவரெலியாப் பக்கமிருந்து வாறோம். தோட்டம். பழனிக்கு வரணும்னு எவ்வளவு காலத்து நேத்திக்கடன்" என்று அவளே சொன்னாள். என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "உங்களப் பாத்தா எங்க பக்கத்து ஆளு மாதிரியே இருக்கு. எந்த ஊரு அக்கா உங்களுக்கு?"

எங்கள் தோட்டமும் நுவரெலியாப் பக்கம்தான். எனக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. எந்தத் தோட்டம் என்று கேட்டால் போதும். அதற்குப் பிறகு, அங்கே தங்கிவிட்ட என் அக்காவின் பெயரைச் சொன்னால் போதும்.

"அவங்க திண்டுக்கல் பக்கம்மா" என்று சம்பந்தியம்மா உள்ளேயிருந்து சொன்னார். "பேச மாட்டாங்க, கூச்சம்."

"ஆ, சரி சரி" என்றாள் அந்தப் பெண்.

நான் பானையிலிருந்து ஊற்றினேன். பாட்டில் நிறைந்து வழிந்து என் கையெல்லாம் நனைந்தது. அவள் வாங்கிக்கொண்டு, சேலைத் தலைப்பால் பாட்டிலைத் துடைத்தாள். பிறகு என் கையையும் துடைத்துவிட்டு, "போயிட்டு வாறேன் அக்கா" என்று படியிறங்கினாள்.

மகள் கல்லாப் பக்கம் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். சில்லறையை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினாள். வெயிலில் தரை கொதித்துக்கொண்டிருந்தது. காவடிகளுக்கு நடுவில் அவள் தலை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. நான் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அவளுக்கு வேர்த்து ஊற்றியது.

"கூட்டத்துல தெரியலம்மா" என்றாள். "எல்லாப் பக்கமும் பாத்துட்டேன்."

சம்பந்தியம்மா, "என்னத்தைத் தேடுறவ?" என்றார். "ஒண்ணுமில்லத்தை" என்றாள் மகள். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "மதினிக்கு வேர்க்குது பாரு, மலையிலயே இருந்தவங்களுக்கு இந்த வெயிலு ஒத்துக்கிராது" என்று என்னைக் கல்லாப் பக்கம் உட்கார வைத்து, விசிறியை எடுத்து எனக்கு வீசினார். காற்று நன்றாகத்தான் இருந்தது. தலைக்கு மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் மகளின் கை விரல் எல்லாம் மடங்கி இருந்தது. அவர் வீசி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.